நீங்கள் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

சத்துவாச்சாரியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 29. ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வேலூரில் ஞாயிறுதோறும் 5 கிலோமீட்டர் இலவச ஓட்டம் ஒன்று தொடங்க வேண்டும், யாரிடம் அனுமதி வாங்குவது, எவ்வளவு செலவாகும், ஆட்கள் வருவார்களா என்பது அவர் கேள்வி. கீழே போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: போன வருடம் ஒருமுறை தொடங்கி, ஆறு வாரம் நடந்து, ஏழாவது வாரம் அவருக்கு இரவு ஷிப்ட் விழுந்ததால் நின்றுபோனதாம். தம்பி, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் மனதை அரிப்பது அந்த ஏழாவது வாரம்தான் என்று எனக்குப் படுகிறது. இரவு வேலை முடிந்து நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் காலையிலும் ஓட்டம் நடக்க என்ன செய்வது? அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் 22 வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள். கடந்த ஒன்பது வருடமாக இன்னும் சிலரோடு சேர்ந்து ஞாயிறு ஓட்டம் ஒன்றை நடத்தி வருகிறேன். சாதாரண வாரத்தில் 40 பேர் வருவார்கள், பொங்கலை ஒட்டிய குளிர் நாட்களில் 70 பேர் கூட வருவார்கள். நான் சொல்வதெல்லாம் இந்த அளவுக் கூட்டத்துக்குத்தான் பொருந்தும். ஆயிரம் பேர் ஓடும் மாரத்தான் வேறு வேலை, அதை நான் நடத்தியதில்லை. முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறேன், ஆனால் டாக்டர் இல்லை. சட்டம் படித்தவளும் இல்லை. எது உறுதியானது, எது எங்கள் அனுபவம் மட்டும் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

உங்கள் ஆறு வாரத்தைப் பற்றி நீங்களே எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தண்ணீர் கேன் தூக்கியது நீங்கள். நேரம் பார்த்தது நீங்கள். பெயர் எழுதியது நீங்கள். முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஞாபகப்படுத்தியதும் நீங்கள். வந்த பதினைந்து பேரும் நல்லவர்கள்தான், கேட்டிருந்தால் செய்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு நீங்கள் வேலை எதுவும் வைக்கவில்லை. ஓடினார்கள், நன்றி சொன்னார்கள், வீட்டுக்குப் போனார்கள். கல்யாண வீட்டில் எல்லா வேலையையும் ஒரே ஆள் இழுத்துப் போட்டுக்கொண்டால், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று பந்தியே நடக்காது. உங்களுக்கு நடந்தது அதுதான். ஊர்க்காரர்களின் ஆர்வக் குறைவு என்று இதை நினைக்காதீர்கள்.

இந்த வகை ஓட்டத்துக்கு உலகத்துக்கே வழி காட்டியது பார்க்ரன் என்ற வாராந்திர 5 கிலோமீட்டர் இலவச ஓட்டம். லண்டனில் புஷி பார்க் என்ற பூங்காவில் 2004 அக்டோபர் 2, ஒரு சனிக்கிழமை காலை, பால் சின்டன்-ஹெவிட் என்பவர் அதைத் தொடங்கினார். காயம்பட்டு ஓட முடியாமல் இருந்த நேரம். ஓட முடியாவிட்டால் என்ன, நண்பர்களை வாரம் ஒருமுறை பார்க்கலாமே என்று நினைத்தார். அன்று ஓடியவர்கள் 13 பேர், வேலை பார்த்தவர்கள் 5 பேர். அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வந்த 18 பேரில் ஐந்து பேர் ஓடவே இல்லை, நின்று வேலை பார்த்தார்கள். தொடங்கியவரும் ஓடவில்லை. முதல் நாளிலேயே அந்த ஓட்டத்துக்கு ஐந்து ஜோடிக் கை இருந்தது. இன்னொன்றும் கவனியுங்கள்: இரண்டாவது இடமான விம்பிள்டனில் தொடங்க 2007 ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே பூங்காவில், வாராவாரம், அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் ஓட்டத்துக்கும் ஐந்து பேர் வேண்டும், அந்த ஐந்து வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் பார்ப்பார். ஒருவர், ஓடி முடித்தவர் கையில் வரிசை எண் போட்ட டோக்கன் கொடுப்பார். ஒருவர் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டு நோட்டில் எண்ணுக்கு எதிரே பெயர் எழுதுவார். ஒருவர் வழியின் திருப்பத்தில் நிற்பார். ஐந்தாவது ஆள் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். நாங்கள் அவரைக் கடைசித் துணை என்று கூப்பிடுகிறோம். இந்த ஐந்தில் எனக்கு மிகவும் முக்கியமானது இந்தக் கடைசி வேலைதான். முதல் முறை வருகிற ஐம்பது வயது அம்மாவுக்கு இருக்கும் ஒரே பயம், நாம்தான் கடைசியாக வருவோம், எல்லோரும் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பது. கடைசித் துணை இருந்தால் அந்த அம்மா கடைசி ஆகவே முடியாது. அவர் கோட்டைத் தொட்ட பிறகுதான் துணை தொடுவார். பார்க்ரனிலும் இப்படி ஒருவர் எப்போதும் உண்டு. நாங்கள் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

எங்களிடம் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. விசில், டோக்கன்கள், நோட்டு, இரண்டு பேனா, முதலுதவிப் பொருட்கள், அப்புறம் ஐந்து அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வேலையை ஆறேழு வரியில் எழுதி லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். புதிதாக வந்தவர் அட்டையைப் படித்துவிட்டு அப்படியே போய் நின்றால் வேலை நடக்கும். பயிற்சி வகுப்பு, கூட்டம், தலைவர், செயலாளர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டே விதி. யாரும் ஒரே வேலையை அடுத்தடுத்த இரண்டு வாரம் செய்யக்கூடாது. பை ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு வாரம் போகக்கூடாது. பை யார் வீட்டில் இருக்கிறதோ, அந்த ஞாயிறு அவர்தான் பொறுப்பு. போன வருடம் மகள் பிரசவத்துக்காக நான் இரண்டு மாதம் கோயம்புத்தூரில் இருந்தேன். எட்டு ஞாயிறும் ஓட்டம் நடந்தது. ஒரு ஞாயிறு கூட எனக்குப் போன் வரவில்லை.

டோக்கன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புஷி பார்க்கில் ஆரம்பத்தில் இரும்புக் கடையில் வாங்கிய வாஷர்களைத்தான் டோக்கனாக வைத்திருந்தார்கள். நாங்களும் லாங்கு பஜாரில் நூறு வாஷர் வாங்கி, பட்டறையில் எண் குத்திக்கொண்டோம். ஸ்டாப்வாட்சில் நேரங்கள் மட்டும் வரிசையாக இருக்கும், நோட்டில் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கும். இரண்டையும் பிறகு சேர்க்கிறோம். அதனால் ஒரே ஒரு டோக்கன் பிசகினால், அதற்குப் பின்னால் வந்த எல்லோருடைய நேரமும் ஒரு படி நகர்ந்துவிடும். மூன்றாவது மாதம் அதுதான் நடந்தது. அக்காவும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் கை கோத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். ஸ்டாப்வாட்சில் இரண்டு அழுத்து, டோக்கன் ஒன்று. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், 40 நிமிடத்துக்குள் வர வேண்டும் என்று மூன்று மாதமாக முயன்றவர். அன்று 39.50இல் வந்தார். அவருக்கு முன்னால் வந்தவரின் நேரம் அவர் பெயருக்குப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அதைச் சரிசெய்வதாக நினைத்து நாங்கள் ஒரு படிக்குப் பதில் இரண்டு படி நகர்த்தி, அவருக்குப் பின்னால் வந்தவரின் நேரத்தை, 41.10 என்று, அவருக்கு அனுப்பிவிட்டோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரம் வரவும் இல்லை. நான் வீட்டுக்கே போய், நோட்டைக் காட்டி, எங்கள் தப்பு ஐயா என்று சொல்லிக் கூட்டி வந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பத்தாவது ஆள் வரும்போதும் நேரம் பார்ப்பவர் உரக்க எண்ணைச் சொல்வார், டோக்கன் கொடுப்பவர் பதிலுக்குத் தன் எண்ணைச் சொல்வார். பொருந்தவில்லை என்றால் தப்பு கடைசிப் பத்துப் பேருக்குள்தான் இருக்கும், அங்கேயே பிடித்துவிடலாம்.

சரி, அனுமதி. இடத்தைப் பொறுத்து ஆள் மாறும். பள்ளி, கல்லூரி மைதானம் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். மாநகராட்சிப் பூங்கா என்றால் மாநகராட்சியில். பொதுச் சாலையைத் தொட்டால், நடைபாதைதான் என்றாலும், அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். சாலையை மறிக்கும் யோசனையே வேண்டாம். வேலூரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கோட்டைதான், எனக்கும் அதுதான் தோன்றியது. அகழித் தண்ணீரும் கருங்கல் மதிலும் பார்த்துக்கொண்டே ஓட யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். தனியாகப் போய் நடப்பது வேறு, அறிவித்துக் கூட்டம் சேர்ப்பது வேறு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் கூட்டம், நிகழ்ச்சி எது நடத்தவும் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். வாராவாரம் நடக்கும் ஒன்றுக்கு அதைக் கேட்டு நிற்பதில் உங்கள் தெம்பெல்லாம் போய்விடும். நாங்கள் ஒரு கல்வி நிறுவன வளாகத்தின் உள்சாலையைக் கேட்டு வாங்கினோம். அதற்கு முன் வேறு ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் நடந்து, கடிதமே தொலைந்துவிட்டது என்ற பதிலோடு திரும்பியிருக்கிறோம். அதனால் இரண்டு இடத்துக்கு ஒரே நேரத்தில் எழுதிப் போடுங்கள்.

அனுமதி வாங்கியதோடு முடியவில்லை, அதைக் காப்பாற்றவும் வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் லிட்டில் ஸ்டோக் என்ற இடத்தில் 2016இல் உள்ளூர் மன்றம், பூங்காவைப் பயன்படுத்துவதற்குப் பணம் தர வேண்டும் என்று பார்க்ரனிடம் தீர்மானம் போட்டுக் கேட்டது. இலவசம் என்ற கொள்கையை விட முடியாது என்று பார்க்ரன் அந்த இடத்து ஓட்டத்தையே நிறுத்திவிட்டது. இரு தரப்பிலும் நியாயம் பேசினார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: இடம் கொடுத்தவருக்கு நம்மால் ஒரு ரூபாய்ச் செலவும் ஒரு நிமிட எரிச்சலும் வரக்கூடாது. எங்கள் ஓட்டம் முடிந்ததும் கடைசித் துணையாக வந்தவர் ஒரு சாக்கோடு திரும்ப ஒரு நடை போய்வருவார். நாம் போட்ட குப்பை, போடாத குப்பை இரண்டும் சாக்குக்குள் வரும். வாட்ச்மேனுக்கு எங்கள் பெயரெல்லாம் தெரியும், அவர் பெயர் எங்களுக்குத் தெரியும்.

வழியை அளக்க போனை நம்பாதீர்கள். மரமும் கட்டடமும் நெருங்கிய இடத்தில் போன் காட்டும் தூரம் ஆளுக்கு ஆள் மாறும், அப்புறம் வாராவாரம் அதே பஞ்சாயத்துதான். சைக்கிள் போதும். முன் சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வு தரையைப் பார்க்கும்படி நிறுத்தி, அந்த இடத்தில் கோடு போடுங்கள். ஆள் உட்கார்ந்த நிலையில் சைக்கிளை நேராக உருட்டி, சரியாகப் பத்துச் சுற்று முடிந்த இடத்தில் இன்னொரு கோடு. இடையில் உள்ள தூரத்தை இன்ச் டேப்பால் அளந்து பத்தால் வகுத்தால் ஒரு சுற்றின் நீளம் வந்துவிடும், 26 இன்ச் சக்கரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் சொச்சம். ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்வது, பளு ஏறினால் டயர் அமுங்கி அளவு கொஞ்சம் மாறும் என்பதால். அப்புறம் வழி முழுக்கச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே போங்கள், இரண்டு முறை. இரண்டும் ஒத்துவந்தால் பெயிண்ட் அடியுங்கள். வழியின் அமைப்புக்கு என் யோசனை: 1.25 கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்புவது, இப்படி இரண்டு முறை. 400 மீட்டர் டிராக்கில் பன்னிரண்டரைச் சுற்று ஓடவிட்டால் பாதிப் பேர் எண்ணிக்கையைத் தவறவிடுவார்கள். போய்த் திரும்பும் வழியில் திருப்பத்துக்கு ஒரே ஆள் போதும், வேகமாக ஓடுபவரும் மெதுவாக நடப்பவரும் எதிரெதிரே பார்த்துக் கையசைத்துக்கொள்வார்கள், யாரும் உதவிக்கு எட்டாத தூரத்தில் இருக்கமாட்டார்கள். 5 முடியாதவர் பாதியில் நிறுத்தினாலும் அவருக்கும் 2.5 என்று ஒரு கணக்கு கிடைக்கும்.

இனி வெயில். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. அந்த மொட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியெல்லாம் விட்டுக்கொண்டே இருக்கும். கத்திரி வெயில் மே மாதம் என்றாலும், ஏப்ரலிலேயே காலை ஏழு மணிக்கு உடம்பு கொதிக்கும். லண்டனில் காலை ஒன்பதுக்கு ஓடுகிறார்கள் என்று நாமும் நேரம் வைக்க முடியாது. நாங்கள் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 5.45க்கும், மற்ற மாதங்களில் 6.30க்கும் தொடங்குகிறோம். இந்த நேரத்துக்கு வர எங்களுக்கு ஒரு பாடம் தேவைப்பட்டது. இரண்டாவது வருடம் ஏப்ரல் மாதம், அன்று 6.30க்குத்தான் தொடங்கினோம். கல்லூரிப் பையன் ஒருவன், நன்றாக ஓடுபவன், கடைசி இருநூறு மீட்டரில் குடித்தவன் போல வளைந்து வளைந்து வந்தான். கோட்டைத் தாண்டியும் நிற்காமல் வேலிப் பக்கம் போனான். பேர் என்னடா என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "மேத்ஸ் எக்ஸாம் எப்போ டீச்சர்?" என்றான்.

வெயிலில் ஓடியவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், அது வெறும் களைப்பு இல்லை. வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் வெப்பத்தாக்காக இருக்கலாம், உடம்பின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். இது உயிர் போகிற விஷயம், இதில் சந்தேகமே இல்லை. முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். நிழலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, இருக்கிற தண்ணீரையெல்லாம் தலை முதல் கால் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். ஓர் ஆள் அட்டையால் விசிறட்டும், இன்னொருவர் அதே நேரம் 108க்குப் போன் செய்யட்டும். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். அன்று இரண்டு கேன், நாற்பது லிட்டரும் அந்தப் பையன் மேல் காலியானது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் தன் பெயரைச் சொன்னான். அன்றிலிருந்து கோடையில் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் இல்லாமல் விசில் ஊதமாட்டோம். பை வைத்திருப்பவர் வெயிலைப் பார்த்து ரத்து என்று சொன்னால் ரத்துதான், யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது. இடி கேட்டாலும் அப்படித்தான், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை யாரும் திறந்தவெளிக்குப் போகக்கூடாது.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மயங்கி விழுந்தவர் மூச்சுவிடவில்லை என்றால் 108க்குச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு. இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. உங்கள் ஆட்களில் நான்கு பேராவது நேரில் பயிற்சி எடுக்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் சட்டைப் பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்கட்டும், செருப்பில்லாமல் ஓட வேண்டாம். நெஞ்சுவலி, இதயச் சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் அவர்களுடைய டாக்டர் சொன்ன பிறகு வரட்டும், இதில் நானும் நீங்களும் முடிவு சொல்லக்கூடாது. நாய் கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டாக வேண்டும். 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் ஓட வேண்டும் என்பது பார்க்ரனின் விதி, நாங்களும் அதையே வைத்திருக்கிறோம்.

செலவுக்குப் பெரிதாகப் பதில் இல்லை. எங்களுக்குத் தொடக்கச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வாரச் செலவு தண்ணீர் கேன், கோடையில் ஐஸ். அதையும் பை வைத்திருப்பவரே பார்த்துக்கொள்வார், சுழற்சியில் வருவதால் யாருக்கும் பாரமில்லை. டி-ஷர்ட், பேனர், ஸ்பான்சர் எதற்கும் ஆசைப்படாதீர்கள். பணம் கைக்கு வந்த நாளில் கணக்கு வரும், கணக்கு வந்தால் சந்தேகம் வரும். ஒரு கடைக்காரர் எங்களிடம் கேட்டார், "இன்னா டீச்சர், காசும் வாங்கல, போர்டும் வைக்கல, இதுல உங்களுக்கு இன்னா கெடைக்குது?" என்று. அவரை அடுத்த ஞாயிறு திருப்பத்தில் நிற்கச் சொன்னேன். இப்போது மாதம் ஒருமுறை நிற்கிறார்.

ஆட்கள் வருவார்களா? இதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, எங்கள் ஊர்ப் பக்கம் யார் வந்தார்கள் என்பதைச் சொல்கிறேன். முதலில் வருவது போலீஸ், ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் ஊர்கள் உள்ள மாவட்டம் இது, போலீஸ் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடப் பயிற்சி எடுப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. அவர்கள் வரட்டும், ஆனால் அவர்கள் மட்டும் முன்னால் நின்றால் மற்றவர்கள் பயந்துபோய் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அதனால் மாதத்தில் ஒரு வாரம் அவர்களைக் கடைசித் துணையாகப் போடுங்கள். ஐந்து கிலோமீட்டரும் ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டே நடந்து வந்த பையன், அதற்குப் பிறகு முட்டி மோதிக்கொண்டு ஓடமாட்டான். பெண்களுக்கு, ஓட்டம் என்று சொன்னாலே கூச்சம். நான் ஓட்டம் என்றே சொல்வதில்லை. "திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் வெறும் காலோட நடக்கிறீங்க இல்ல? இது அதுல மூணுல ஒரு பங்கு சொச்சம்தான், வாங்க" என்பேன். சேலையில் ஷூ போட்டுக்கொண்டு வருபவர்கள் எங்களிடம் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்கள் தொடர்ந்து வர இரண்டு காரணம்தான்: கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்தோம், போட்டோவை அவர்களைக் கேட்காமல் எங்கும் போடுவதில்லை.

நான் எதிர்பார்க்காத ஒரு கூட்டமும் வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்து, வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருப்பவர்களின் உறவினர்கள். மனைவிக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒருவர் ஐந்து ஞாயிறு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு வங்காளி தெரியாது. திருப்பத்தில் நிற்கும் அட்டையை அவரிடம் கொடுக்க முடியவில்லை, கையால் காட்டினோம். அவர் திருப்பத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் கை தட்டி, "ஜோல்தி, ஜோல்தி" என்று கத்துவார், சீக்கிரம், சீக்கிரம் என்று அர்த்தம். ஊருக்குப் போகும் முன் கடைசி ஞாயிறு மனைவியையும் ஆட்டோவில் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த அம்மா அன்று டோக்கன் கொடுத்தார். ரமலான் மாதத்திலும் இப்படித்தான், நோன்பு வைத்திருப்பவர்கள் ஓட வேண்டாம் என்று நாங்கள் சொன்னபோது, நேரம் பார்க்கும் வேலையை அந்த மாதம் முழுக்க அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஓட முடியாதவருக்கும் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

பரிசு வைக்கலாமா என்பதில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். 2024இல் பார்க்ரன் தன் இணையதளத்திலிருந்து வேகச் சாதனைப் பட்டியல்களை எடுத்துவிட்டது, புதியவர்கள் மிரளக் கூடாது என்ற எண்ணத்தில். பல வருடமாக ஓடியவர்கள் பலருக்கு அதில் வருத்தம். அந்தத் தபால்காரரின் 39.50ஐ நினைத்தால், நேரம் எழுதுவது வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் மூன்று பேருக்குக் கோப்பை என்பது வேண்டாம். நாங்கள் பெயர்களை அகர வரிசையில் அனுப்புகிறோம், நேரம் பக்கத்தில் இருக்கும். இது எங்களுக்குச் சரிப்பட்டது, உங்கள் ஆட்களைக் கேட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள். அதேபோல, இதனால் சர்க்கரை குறையும், எடை குறையும் என்று சொல்லி யாரையும் கூப்பிடாதீர்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஞாயிறு ஒரு நாள் ஓட்டம் மட்டும் அதற்குப் போதாது. எங்களிடம் வருபவர்கள் பலர் மற்ற நாளும் நடக்கத் தொடங்கினார்கள் என்பது உண்மை, ஆனால் நடக்கிற பழக்கம் உள்ளவர்களே எங்களிடம் வந்திருக்கவும் கூடும். எங்கள் நோட்டை வைத்து அதை நிரூபிக்க முடியாது.

தம்பி, மறுபடி தொடங்குங்கள். மழை ஓய்ந்து பனி விழும் மாதமாகப் பாருங்கள், தைப் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு நல்ல நாள். அந்தப் பழைய பதினைந்து பேரில் நான்கு பேரை இப்போதே போய்ப் பாருங்கள். போனில் பேசாதீர்கள், வீட்டுக்குப் போங்கள். ஓட வாருங்கள் என்று கேட்காமல், இந்த வேலையை ஒரு வாரம் பார்க்க முடியுமா என்று ஒவ்வொருவரிடமும் ஒரு அட்டையைக் கொடுத்துக் கேளுங்கள். நால்வரும் சரி என்ற பிறகு தேதி சொல்லுங்கள். முதல் நாள் எட்டுப் பேர் ஓடினால் போதும். முடிந்ததும் வாஷர்களை எண்ணிப் பாருங்கள், ஒன்றிரண்டு யாருடைய சட்டைப் பையிலாவது போயிருக்கும், கூப்பிட்டு வாங்குங்கள். நோட்டையும் விசிலையும் மஞ்சப்பைக்குள் போட்டு, அதை அந்த நால்வரில் ஒருவர் வண்டியில் மாட்டி விடுங்கள். நீங்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போங்கள்.